தெளிவானந்தரின் சாட்சித் தீர்த்தம்

புதுக்குடியிருப்பில் மழை பெய்தால் ஒதுங்கக் கடை வாசல்கள் உண்டு. அருள் பெய்தால் ஒதுங்க இடமே இல்லை. போன மாசி மாதம் முல்லைத்தீவு வீதியோரத் தென்னங்காணி ஒன்றில் அருள் பெய்யத் தொடங்கியது. நீலத் தறப்பாளில் பந்தல், இருநூறு பிளாஸ்ரிக் கதிரை, நான்கு பக்கமும் ஒலிபெருக்கி. மூன்று வெள்ளிக்கிழமைகளுக்குள் கச்சான் கடலை வண்டிகள் நான்கும் ஐஸ்கிறீம் வான் ஒன்றும் வந்து சேர்ந்துவிட்டன. ஐஸ்கிறீம் வான் வந்துவிட்டால் எங்கள் ஊரில் அது உண்மையான தெய்வம்தான். அதற்கு மேல் ஒருவரும் விசாரிப்பதில்லை.

அருளின் பெயர் தெளிவானந்தர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை, வெள்ளைச் செருப்பு. குடிகாரரைத் தெளிய வைப்பது தொழில். இமயமலையில் பன்னிரண்டு வருடம் தவம் இருந்தாராம். தவம் முடிந்து இறங்கியதும், உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, நேரே எங்கள் ஊருக்கு பஸ் ஏறியிருக்கிறார். ஏன் என்று கேட்டவர்களிடம், வெறிப்பேய் இங்கேதான் கூடுதலாக உலாவுகிறது என்றாராம். அதில் நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஒழுங்கைகளில் குடிதண்ணீர்க் குழாயைத் தேடுவதைவிடக் கள்ளச்சாராயக் கசிப்புப் போத்தலைத் தேடுவது சுலபம்.

இவ்வளவும் கதைக்கிற நீ யார் என்று கேட்பீர்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிற சிவராசா. சாமியின் நோட்டீஸ் முழுவதையும் அடித்துக் கொடுத்தவன் நான்தான். 'ஒரே ஊதலில் உண்மை தெரியும்' என்ற வாசகம்கூட என்னுடையது. சாமி எழுதித் தந்தது நீளமாக இருந்தது. தாளில் இடம் காணாததால் நான் வெட்டிக் குறுக்கினேன். ஆகவே இந்தக் கதையில் வருகிற முட்டாள்களுக்குப் பட்டியல் போடுவதானால் முதலில் என் பெயரை எழுதிவிட்டு மற்றவர்களுக்கு வாருங்கள்.

சாமியின் வைத்தியம் இப்படி. மேடையில் இரண்டு செப்புக்குடம். வலப்பக்கக் குடத்தில் சாட்சித் தீர்த்தம். இடப்பக்கக் குடத்தில் விடுதலைத் தீர்த்தம். பார்வைக்கு இரண்டும் ஒரே தண்ணீர்தான். இரண்டிலும் துளசி மிதக்கும். மனைவியோ தாயோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிற குடிகாரனை மேடையில் இருத்துவார்கள். சாட்சித் தீர்த்தத்தில் ஒரு கிளாஸ் மொண்டு, பப்பாசி இலைத் தண்டை அதற்குள் விட்டு, ஊதச் சொல்வார் சாமி. அவன் ஊதுவான். பளிங்குபோல் இருந்த தண்ணீர் எல்லார் கண்ணுக்கும் முன்னால் பாலாக வெளுக்கும். உள்ளே குடியிருக்கும் வெறிப்பேய் மூச்சோடு வெளியே வந்து சாட்சி சொல்கிறது என்பது விளக்கம். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பெண்கள் அழுவார்கள்.

பிறகு விடுதலைப் பூசை. அது மூன்று கிழமை நடக்கும். கொடுக்கிறவர்கள் கொடுக்கக்கூடியதைக் கொடுப்பார்கள். பூசை முடிந்ததும் அதே ஆளை அதே கதிரையில் இருத்தி, இந்தமுறை இடப்பக்கக் குடத்துத் தண்ணீரில் ஊதச் சொல்வார்கள். எவ்வளவு ஊதினாலும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். பேய் போய்விட்டது. உடனே 'தெளிவுச் சான்றிதழ்' ஒன்று கையில் கிடைக்கும். அதை லமினேற் பண்ணிக் கொடுத்தவனும் நான்தான்.

பூசை நடக்கிற காலத்தில் ஒரு கட்டுப்பாடு. ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகக்கூடாது, குளிசை விழுங்கக்கூடாது, குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் எதற்கும் போகக்கூடாது. இரண்டு கதவு திறந்திருந்தால் பேய் எந்தக் கதவால் வெளியேறுவது என்று குழம்பிவிடுமாம். இமயமலைவரை போய்ப் படித்தவருக்கு இவ்வளவு கூடத் தெரியாமலா இருக்கும்?

முதல் சான்றிதழ் வாங்கியவன் ஓடு வேய்கிற இளையதம்பி. லமினேற் பண்ணிய அட்டையில் ஓட்டை போட்டு, நூல் கோத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு நேரே தவறணைக்குப் போனான். சாமியே தெளிவு என்று எழுதித் தந்த பிறகு தான் குடித்தாலும் அது குடியாகாது என்பது அவன் வாதம். தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து மனைவி முதலில் திட்டத் தொடங்கினாளாம். பிறகு அட்டையைப் பார்த்துவிட்டு, வெயிலில் வேலை செய்த மயக்கமாக இருக்கும் என்று தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாளாம். கண்ணைவிட லமினேற்றுக்கு மதிப்புக் கூட.

இனிக் கிருசாந்தனிடம் வருவோம். முப்பத்தைந்து வயது. இரண்டு ஏக்கர் வயல், ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம், மனைவி மேனுகா, ஐந்து வயதில் ஒரு பெண்பிள்ளை. எட்டு வருடம் கசிப்புக் குடித்தவன். ஏழு மாதமாக ஒரு சொட்டுக்கூட இல்லை.

எப்படி விட்டான் என்று கேட்டால் உங்களுக்குக் கொட்டாவி வரும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக். வியாழன்தோறும் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம். சாரங்கா என்ற உளவளத்துணையாளர் பிள்ளை நடத்துகிறது. பத்துப் பேர் வட்டமாக இருந்து, போன கிழமை எப்படிப் போனது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். பிளேன்ரீயும் மலிபன் பிஸ்கற்றும் கொடுப்பார்கள். காலையில் பசியோடு வயலுக்குப் போகாதே என்று அங்கே சொன்னார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனான். நேரத்துக்குப் படு என்றார்கள், படுத்தான். தவறணை வீதியால் போகாதே என்றார்கள், ஒரு மைல் கூடினாலும் வாய்க்கால் கரையால் சைக்கிள் மிதித்தான். பின்னேரம் ஆறு மணிக்குத்தான் அவனுக்கு வாய் நமநமக்கும். அந்த நேரத்தில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவான். அதற்கும் அடங்காவிட்டால் றம்சீனுக்குக் கோல் எடுப்பான்.

றம்சீன் முல்லைத்தீவில் ரயர் ஒட்டுகிற கடை வைத்திருப்பவர். ஒருகாலத்தில் போதைத் தூள் பாவித்தவர், அதை விட்டு மூன்று வருடம். எத்தனை மணிக்கு அடித்தாலும் போனை எடுப்பார். புத்திமதி சொல்லமாட்டார். மீன் விலை, மழை, ரயர் என்று அரை மணித்தியாலம் கதைப்பார். அந்த அரை மணித்தியாலத்தில் வாய் அடங்கிவிடும்.

இதில் மந்திரம் இல்லை, புகை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. நாளுக்கு நாள் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான். இப்படி ஒரு அலுப்பான வைத்தியத்தைப் பார்க்க எவன் ஐஸ்கிறீம் வானைக் கொண்டு வருவான்?

மேனுகாவுக்கு உள்ளுக்குள் பெருமை. ஆனால் அந்தப் பெருமை ஊருக்குத் தெரியவில்லையே என்ற மனவருத்தமும் இருந்தது. அவளுடைய தாய் பத்மாசனி, மருமகன் வீட்டுக்குள் வந்தால் இன்னமும் கிட்டப்போய் வாயை மணந்து பார்க்கிறவா. கலியாண வீட்டில் கிருசாந்தன் சிரித்துக் கதைத்தால், வெறிபோல கிடக்கு என்று பக்கத்துக் கதிரை சொல்லும். இதற்கு ஒரு முடிவு கட்ட மேனுகா யோசித்தாள். சாமியிடம் கூட்டிக்கொண்டு போய் ஊத வைத்தால் தண்ணீர் தெளிவாக இருக்கும், ஊர் வாயை மூடும், சான்றிதழை வீட்டு முன்சுவரில் மாட்டலாம். கிருசாந்தனும் சந்தோசமாக ஒப்புக்கொண்டான். குளித்து, கலியாணத்துக்கு எடுத்த சேட்டைப் போட்டுக்கொண்டு போனான். மடியில் கனமில்லாதவன்தானே.

அந்த வெள்ளிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். கிருசாந்தன் மேடையில் நிமிர்ந்து இருந்து ஊதினான். தண்ணீர் வெளுத்தது. கொஞ்சமல்ல, இளையதம்பிக்கு வெளுத்ததைவிடக் கூடவே வெளுத்தது. உழைக்கிற உடம்பு, மூச்சு நல்ல பலம்.

சாமி ஒலிபெருக்கியில் எழுத்துத் தமிழில்தான் பேசுவார். "அம்மா, உன் கணவன் உன்னை ஏமாற்றுகிறான். ஏழு மாதம் இல்லை. இவன் நேற்றும் குடித்திருக்கிறான்," என்றார்.

கிருசாந்தன் சபையைப் பார்க்கவில்லை. மனைவியை மட்டும் பார்த்து, "மேனுகா, நான் குடிக்கேல்லை," என்றான்.

எட்டு வருடமாக அவன் அவளுக்குச் சொல்லி வந்தது இதே வசனம். அத்தனை தரமும் பொய். முதல்முறையாக உண்மையைச் சொன்ன அன்றைக்கு, அதே வாய், அதே குரல். அவள் எதை வைத்துப் பிரித்தறிவாள்? நெஞ்சு வெடிக்கிற விசயம் அது. சபையில் இருந்த நாங்கள் 'த்சு' கொட்டிவிட்டுக் கச்சான் வாங்கப் போனோம்.

அன்று பின்னேரமே மேனுகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். விடுதலைப் பூசை செய்து, தண்ணீர் தெளிந்தால்தான் திரும்பி வருவேன் என்று சொல்லி அனுப்பினாள். பூசைக்குத் தன் தோட்டைக் கழற்றிக் கொடுப்பதாகவும் சொன்னாள்.

மறுநாள் றம்சீன் மோட்டார் சைக்கிளில் என் கடைக்கு வந்தார். கிருசாந்தன் கோல் எடுத்து என்ன சொன்னான் என்று என்னிடம் சொன்னார். குடிகாரன் என்று ஊரே சொல்லிவிட்டது, மனைவியும் போய்விட்டாள், இனிக் குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன என்று கேட்டானாம். வீட்டில் ஆள் இல்லை, ஆறு மணி வந்தால் அவன் கால் எங்கே போகும் என்று சொல்லமுடியாது.

"சிவராசாண்ண, அவன ஆறு மணியிலயிருந்து ஏழு மணிமட்டும் இஞ்ச இருத்தி வைங்கோ. புத்தி ஒண்டும் சொல்ல வேணாம். கைக்கு ஒரு வேலை குடுங்கோ, அது காணும்," என்றார்.

அப்படித்தான் கிருசாந்தன் என் கடைக்கு வந்தான். மிளகாய்க் கன்றுகளுக்கு ஐந்து மணிக்கே தண்ணீர் விட்டுவிட்டு ஆறுக்கு வந்துவிடுவான். நான் அவனிடம் ஸ்ரேப்ளரைக் கொடுத்தேன். எங்கள் ஊரில் ரியூசன் கொட்டில் இருபத்திரண்டு இருக்கிறது. அத்தனைக்கும் வினாத்தாள் அடிப்பது என் கடை. ஆகவே ஸ்ரேப்ளருக்கு வேலை முடிந்ததாக ஒருநாளும் இல்லை. அவன் அடிக்கிற பின் கோணலாக இறங்கும். நான் பார்க்காததுபோல் இருப்பேன். முதல் நாள் ஏழு மணிவரை இருந்தான். இரண்டாம் நாள் ஏழரை. வியாழக்கிழமை சாமியின் தடையையும் மீறிச் சாரங்காவின் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தான். அங்கே அந்தப் பிள்ளை சொன்னதை எனக்குச் சொன்னான்.

"நீங்கள் குடிக்கேல்லை எண்டதுக்குத் தண்ணி சாட்சி சொல்லத் தேவையில்லை எண்டு சொன்னவா. நாளைக்கும் குடிக்காமல் இருக்கிறதுதான் என்ர வேலையாம். அதை மட்டும் பாக்கட்டாம்."

அதற்கு அடுத்த நாள் விஞ்ஞான வினாத்தாள் வந்தது. பத்தாம் வகுப்பு, முந்நூறு பிரதி. கிருசாந்தன் சண்டைக் காலத்தில் ஒன்பதோடு படிப்பை விட்டவன். பின் அடித்துக்கொண்டே வாசித்துப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு வந்திருந்தது. பதினான்காம் கேள்வியில் நின்றுவிட்டான்.

"அண்ணை, இதிலயும் ஒரு பொடியன் குழாயாலை தண்ணிக்குள்ள ஊதுறான்," என்றான்.

நான் மெசினைப் பார்த்தபடி 'ஓம்' என்றேன்.

"தண்ணி பால்நிறமா வந்திட்டுதாம். இவனும் கசிப்புக் குடிச்சவனோ?"

நான் மெசினை நிற்பாட்டிவிட்டுத் தாளைப் பறித்தேன். பதினொரு வருடமாக நான் கொப்பி அடிக்கிற கேள்வி. விடையும் எனக்குப் பாடம். வெளிச்சுவாச வளியில் உள்ள காபனீரொட்சைட்டு, தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கும். இரண்டு புள்ளி. ஊரில் பத்தாம் வகுப்புப் படித்த எந்தப் பிள்ளையை நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். அந்தப் பிள்ளைகளுக்குக் காசு கட்டிப் படிப்பித்த தாய் தகப்பன்தான் வெள்ளிக்கிழமை முன்வரிசையில் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார்கள். அது மட்டுமா? இந்த வினாத்தாளைத் தயாரித்த விஞ்ஞான வாத்தியாரே தன் தம்பியைக் கூட்டிவந்து மேடையில் ஊத வைத்து, தண்ணீர் வெளுத்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன். பாடம் பரீட்சைக்கு, கண் சாமிக்கு என்று பிரித்து வைத்திருக்கிற ஊர் எங்களுடையது.

வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கினோம். ஒரு போத்தல் தண்ணீரில் கலக்கி வைத்து, மறுநாள் பின்னேரம் அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் ஒரு கிளாஸில் வார்த்தோம். பழைய பேனையைக் கழற்றிக் குழாயாக்கி நான் ஊதினேன். என் வாழ்நாளில் நான் குடித்தவற்றில் பலமானது இஞ்சிச் சோடா. தண்ணீர் பாலாக வெளுத்தது.

நான் வயிறு நோகச் சிரித்தேன். கிருசாந்தன் சிரிக்கவில்லை. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். என் சிரிப்பு மெல்ல நின்றுபோனது. நோட்டீஸ் அடித்தவன் நான்தானே என்ற வெட்கம் அப்போதுதான் வந்தது.

யார் ஊதினாலும் வெளுக்கும் என்று காட்ட மிச்சத் தண்ணீரைப் போத்தலோடு மேனுகாவிடம் கொண்டுபோனான். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிட்டான். அவள் சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னான்.

"எட்டு வருசத்தில தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குள்ளையும் ஒளிச்சு வைச்சுக் குடிச்சனீங்கள். இப்ப நீங்களே ஒரு போத்தலைக் கொண்டுவந்து நம்பச் சொன்னால் நான் என்னெண்டு நம்புறது எண்டு கேட்டவா. அதிலயும் நியாயம் இருக்குது அண்ணை."

எனக்குக் கோபம் வந்தது. சாமியை மறித்து நாலு கேள்வி கேட்போம் என்றேன். கிருசாந்தன் வேண்டாம் என்றான். வெள்ளிக்கிழமை பூசைக்குப் போவதாக மேனுகாவுக்குச் சொல்லிவிட்டானாம். அவள் திரும்பி வருவதற்கு அது ஒன்றுதான் வழி என்றால் அதையும் செய்துவிட்டுப் போகிறேன் என்றான். பிறகு ஸ்ரேப்ளரைக் கையில் எடுத்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. வழமையைவிடச் சனம் கூட. முன்வரிசையில் விழாக்குழுத் தலைவர் அப்புத்துரை இருந்தார். கமக்காரர் அமைப்புக்கும் அவரே தலைவர். பரம்பரைச் சைவம், கலியாண வீட்டில் சோடாவைக்கூட மணந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கடைசி வரிசையில் றம்சீனும் நானும் நின்றோம்.

கிருசாந்தனும் மேனுகாவும் மேடை ஏறினார்கள். அவள் கழற்றிக் கொண்டுவந்த தோட்டைத் தட்டில் வைத்தாள். பூசைக்கு முன் இன்னொரு தரம் சாட்சி பார்ப்பது வழக்கம். சாமி வலப்பக்கக் குடத்தில் மொண்டு, பப்பாசித் தண்டைக் கிருசாந்தனிடம் நீட்டினார்.

மேனுகா அதைக் கை நீட்டி வாங்கினாள்.

"முதல்ல நான் ஒருக்கா ஊதிப் பாக்கிறன் சாமி," என்றாள்.

சாமி கொஞ்சம் தடுமாறினார். சுத்தமானவர்கள் ஊதத் தேவையில்லை என்று சொல்லிக் கொண்டிருக்கும்போதே அவள் ஊதத் தொடங்கிவிட்டாள். நல்ல மூச்சு. தண்ணீர் வெளுத்தது. மேனுகா கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நான் என்ர சீவியத்தில கசிப்பைத் தொட்டும் பாக்கேல்லை. நான் எப்ப குடிச்சனான் சாமி?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு வருடத் தவம் சும்மாவா? சாமி நொடியில் சமாளித்தார். கணவனின் பேய் மனைவிக்கும் தொற்றிவிட்டது என்றார். இரண்டு பூசை செய்யவேண்டும் என்றார். சபை 'ஓமோம்' என்று தலையாட்டியது. பத்மாசனி அழத் தொடங்கினா.

"அப்ப தொற்றாத ஒராளைச் சொல்லுங்கோ. அவர் ஊதட்டும்," என்றாள் மேனுகா.

சபையின் கண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அப்புத்துரையிடம் போயின. அவரைத் தவிர வேறு யார்? சாமி கையைக் காட்டி மறிக்கப் பார்த்தார். அப்புத்துரை அதைத் தனக்குக் கொடுத்த மரியாதையாக எடுத்துக்கொண்டு, சால்வையைச் சரிசெய்தபடி மேடை ஏறினார். புதுத் தண்ணீரில் கண்ணை மூடிப் பக்தியோடு ஊதினார். கண்ணைத் திறந்தபோது கையில் பால் இருந்தது.

மூன்றாம் வரிசையில் இருந்த அவருடைய மனைவி எழும்பி நின்றா.

"இது எவ்வளவு காலமா நடக்குது?" என்று கேட்டா.

சிரிக்காதீர்கள். நாற்பது வருடம் கூடவே வாழ்ந்த மனிதரைவிட ஒரு கிளாஸ் தண்ணீரைத்தான் அவா அந்த நிமிடத்திலும் நம்பினா. கிருசாந்தன் இரண்டு கிழமைக்கு முன் அதே இடத்தில் என்ன அனுபவித்தான் என்பது அப்போது அப்புத்துரைக்குத் தெரிந்திருக்கும்.

மேனுகா இன்னும் முடிக்கவில்லை. இரண்டாவது குடத்தைக் காட்டி, இளையதம்பியைக் கூப்பிட்டாள். அவன் கச்சான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டியை விட்டால் விழுந்துவிடுவான் என்பதால் பிடித்திருந்தான். கழுத்தில் சான்றிதழ் ஆடியது. இரண்டு பேர் தாங்கி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அவன் வாயிலிருந்து வந்த மணம் முன்வரிசை மூக்கை எல்லாம் பொத்த வைத்தது. விடுதலைத் தீர்த்தத்தில் குமிழி பொங்க ஊதினான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது.

சபை கிளாஸைப் பார்த்தது. இளையதம்பியைப் பார்த்தது. மறுபடி கிளாஸைப் பார்த்தது.

"நான் அப்பவே சொன்னனான்," என்றான் இளையதம்பி.

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னுக்குப் போனது. கிருசாந்தன் அப்போதுதான் வாய் திறந்தான். சத்தம் போடவில்லை.

"சாமி, வலப்பக்கம் இருக்கிறது வெத்திலைச் சுண்ணாம்புத் தண்ணி. ஆர் ஊதினாலும் வெளுக்கும். இடப்பக்கம் இருக்கிறது வெறும் கிணத்துத் தண்ணி. நான் சொல்லுறது பிழையெண்டால் நீங்கள் வலப்பக்கத்தில ஒருக்கா ஊதிக் காட்டுங்கோ," என்றான்.

சாமிக்கு அந்த நிமிடம் தொடக்கம் மௌன விரதம். விரதத்தோடு தறப்பாளுக்குப் பின்னால் போனார். பின்னால் ஒரு சின்னப் பட்டா லொறி ஸ்ராட் ஆகிற சத்தம் கேட்டது. றம்சீனும் இன்னும் நாலைந்து பேரும் வீதியில் மறித்து வைத்து, பொலிசு வரும்வரை நிறுத்திக்கொண்டார்கள். விசாரித்ததில் இமயமலை இறங்கி வவுனியாவுக்கு வந்துவிட்டது. சாமி அங்கே ஒரு பெயின்ற் கடையில் சுவருக்குச் சுண்ணாம்பு கலக்கிக் கொடுத்த ஆளாம்.

பிறகு நடந்ததைத்தான் நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பந்தலில் இருந்த ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் முதலே சந்தேகம் இருந்ததாம். விஞ்ஞான வாத்தியார் ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, காபனீரொட்சைட்டைப் பற்றிப் பதினைந்து நிமிடம் விளக்கினார். தம்பியை ஊத வைத்தது தன்னுடைய பரிசோதனைதான் என்றும் சொன்னார். பத்மாசனி மருமகனைப் பற்றித் தான் ஒருநாளும் தப்பாக நினைத்ததில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னா. நானும் அடித்து வைத்திருந்த சான்றிதழ்க் கட்டை ஒருவரும் காணாமல் சைக்கிள் கூடைக்குள் வைத்து மூடினேன்.

மேனுகா மேடை ஓரத்தில் இருந்தாள். தட்டில் இருந்து எடுத்த தோடு கையில் இருந்தது, போடவில்லை. கிருசாந்தன் ஒரு அடி தள்ளி நின்றான்.

"தண்ணியை நம்பினன். உங்களை நம்பேல்லை," என்றாள்.

"உம்மில பிழை இல்லை. நான்தான் உம்மை அப்பிடிப் பழக்கினனான்," என்றான் அவன். பிறகு, "இண்டைக்கும் உடன நம்பவேண்டாம். மெல்ல மெல்லப் பாரும். வியாழக்கிழமை என்னோட கூட்டத்துக்கு வாரும், அவையளோடையும் கதையும்," என்றான்.

அவள் நேரத்தைப் பார்த்தாள். ஆறு ஆகப் பத்து நிமிடம் இருந்தது.

"வாங்கோ போவம். கன்றுகளுக்குத் தண்ணி விடவேணும்," என்றாள். இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாய்க்கால் கரையால் போனார்கள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் தோளை யாரோ தட்டினார்கள். படித்த மனிதர், அரசாங்க உத்தியோகம், பெயர் வேண்டாம். கையில் ஒரு வெறும் போத்தல் வைத்திருந்தார். சாமி கள்ளனாக இருக்கலாம், ஆனாலும் மூன்று கிழமை மந்திரம் ஓதிய தண்ணீர் அல்லவா, கொஞ்சம் மொண்டு கொண்டுபோனால் அவருடைய சீனி வருத்தத்துக்கு உதவுமா என்று இரகசியமாகக் கேட்டார்.

அவருக்கு அன்று சொல்ல வாய் வராததை இப்போது உங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு மனிதன் இருநூறு நாள், ஒவ்வொரு பின்னேரமும், பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். அது உங்கள் வீட்டு வாசலில் நடந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் தண்ணீர் வெளுத்தது, அதைப் பார்க்கப் பிள்ளை குட்டியோடு கதிரை பிடித்து இருந்தீர்கள். யாரைப் பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டுக்குப் போய் ஆறுதலாக யோசியுங்கள். யோசிப்பதற்குத் தீர்த்தம் தேவையில்லை.